துரை தொப்பியைக் கழற்றிய ஐந்து நிமிடம்

கல்லூரி விடுதி, தூத்துக்குடி
13-9-1942, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான அக்கா ஜெயசெல்விக்கு, தம்பி கிருபாநிதி எழுதுவது.

நாசரேத்து மகாஜனங்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில்: நேற்றுப் பகல் பன்னிரண்டரை மணிக்கு எங்கள் விடுதிச் சாம்பாரில் முழுக் கத்தரிக்காய் ஒன்று பிடிபட்டது. காம்போடு பிடிபட்ட அக்கத்தரிக்காய் எந்த நாட்டைச் சேர்ந்தது, என்ன நோக்கத்தோடு நம் எல்லைக்குள் நுழைந்தது என்பது விசாரணையில் இருக்கிறது. நம் தரப்பில் சேதமில்லை. அது கை தவறி விழுந்துவிட்டது என்றும், இனிமேல் அப்படி நேராமல் பார்த்துக்கொள்வதாகவும் சமையல்காரர் சுடலைமாடன் அண்ணாச்சி வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

பெரிய செய்தி முடிந்தது. இனி சில்லறைச் செய்தி. உன் தம்பி நேற்று மாலை பிரின்சிபால் துரையைத் தொப்பி கழற்ற வைத்தான்.

சிரிக்காதே, உட்கார்ந்து படி. நல்லக்கண்ணுவை உனக்குத் தெரியும். போன கிறிஸ்மஸுக்கு நம் வீட்டுக்கு வந்து அம்மா சுட்ட முறுக்கை டின்னோடு காலி செய்தானே, அந்த மாப்பிள்ளையூரணிக்காரன். எங்கள் சொற்போர்ச் சங்கத்துக்குச் செயலாளன். போன மாதம் தலைவர்களையெல்லாம் பிடித்து அடைத்தார்கள் என்று செய்தி வந்த மறுநாள், கடற்கரை ரோட்டில் ஒரு உப்பு மூட்டை மேல் ஏறி நின்று பேசினான். பதினொரு நிமிடம் பேசினான். என் அறைக்கூட்டாளி இசக்கியப்பன் கடிகாரம் பார்த்திருக்கிறான். பன்னிரண்டாவது நிமிடத்தில் போலீஸ் வந்தது. நல்லக்கண்ணு இப்போது பாளையங்கோட்டை ஜெயிலில். கல்லூரிப் பதிவேட்டில் அவன் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

அதன் பிறகு சுற்றறிக்கை ஒன்று வந்தது. ஊரைச் சுற்றி வந்து எங்கள் தலையிலேயே இறங்கியது. கல்லூரி எல்லைக்குள் அரசியல் பேசக்கூடாது. கைதான மாணவர் பெயரைப் பொதுவில் சொல்லக்கூடாது. சொற்போர்ச் சங்கம் துரை கையெழுத்திட்ட தலைப்பில் மட்டும் பேசலாம். துரை கையெழுத்திட்டுக் கொடுத்த தலைப்பு, 'பனை தென்னையைவிட மேலானது.' பனைக்கும் தென்னைக்கும் ஓட்டுப் போடலாமாம், அதற்கு மட்டும் எங்களுக்கு வயது வந்துவிட்டதாம்.

பனைக் கட்சிக்கு நான் முதல் பேச்சாளன். எழுந்து நின்றவனுக்கு ஐந்து நிமிடம், அதற்குள் அவனை யாரும் உட்காரச் சொல்ல முடியாது, சங்கத்தின் சட்டம் அது. மணி இசக்கியப்பன் கையில். நாலாவது நிமிடம் ஒரு தட்டு, ஐந்தாவது நிமிடம் இரண்டு.

மேடை ஏறினேன். “அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, இன்று நம் நடுவில் இல்லாத நம் செயலாளர் நல்லக்கண்ணுவை நினைத்து” என்றேன். அத்தோடு வாயை மூடிவிட்டேன்.

பேசக்கூடாது என்றுதானே உத்தரவு? பேசவில்லை. மேசையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். முன் பெஞ்சில் யாரென்று நினைக்கிறாய்? எல்லாம் நாசரேத்து, சாயர்புரம், சாத்தான்குளத்துப் பையன்கள். கோயிலில் பாதிரி ஐயர் யாராவது ஒருவரின் பெயரைச் சொல்லி நிறுத்தினால் எழுந்து மௌன ஜெபம் செய்தே வளர்ந்த கால்கள். அவை தாமாக எழுந்தன. தலைகள் தாமாகக் குனிந்தன. முன்னால் இருப்பவன் எழுந்தால் பின்னால் இருப்பவன் உட்கார்ந்திருப்பானா? மண்டபம் முழுக்க எழுந்துவிட்டது. அப்போது வாசலில் நின்றவர் பிரின்சிபால் துரை. முப்பது வருஷ மிஷனரி, அவருக்கும் அதே பழக்கம்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். யாருக்காக? தானே சிவப்பு மையில் கோடு போட்ட நல்லக்கண்ணுவுக்காக.

ஐந்தாவது நிமிட மணி அடித்ததும் யாரோ “ஆமென்” என்றான். துரை கண்ணைத் திறந்து பக்கத்துப் பையனிடம் என்ன ஜெபம் என்று கேட்டார். அவன் சொன்னான். பிறகு அவர் முகம் போன நிறத்துக்கு எங்கள் அகராதியில் சொல் கிடையாது.

அக்கா, மூன்று வாரம் திட்டமிட்டு, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல், துரையையே தொப்பி கழற்ற வைத்தேன். மணி அடித்ததும் ராஜநடை நடந்து மேடையைவிட்டு இறங்கினேன். இசக்கியப்பன் கட்டிப் பிடித்துக்கொண்டான். “ஏலே, பேசியிருந்தா ஒருத்தன் கேட்டிருக்க மாட்டான்லே” என்று சொல்லுதான்.

இந்தக் கடிதத்தை சுடலைமாடன் அண்ணாச்சி மீன் வாங்கப் போகும்போது தபாலில் சேர்ப்பார். உனக்கு வருவது ஒட்டியது பிரியாமல் வரும். எனக்கு வருவது வார்டன் தேவபிரசாதம் ஐயா பிரித்துப் பார்த்த பிறகு வரும். பெயர்தான் தேவபிரசாதம், தேவன் தந்தாலும் அவர் தருவதில்லை. பெயர்தான் விடுதி, விடுவதுதான் இல்லை.

அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

மௌனச் சக்கரவர்த்தி,
கிருபாநிதி


நாசரேத்
16-9-42

தம்பி கிருபாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் அக்காவாக, இரண்டாம் தரம் ஆசிரியையாக. இரண்டு தரமும் கோபம்தான் வந்தது.

நீ எழுதியதை உனக்கே எடுத்துக் காட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தப்புச் செய்தால் அவர்கள் எழுதியதையே உரக்கப் படிக்கச் சொல்வேன், அந்தத் தண்டனை உனக்கும் வேண்டும். “மூன்று வாரம் திட்டமிட்டு, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல், துரையையே தொப்பி கழற்ற வைத்தேன்.” இது நீ எழுதியது. படித்துப் பார். ஜெபம் உனக்குக் கண்ணிவலையா? கண்ணை மூடிக்கொண்டு நின்ற பிள்ளைகள் உண்மையாகவே நல்லக்கண்ணுவுக்காக ஜெபித்தார்கள். நீ அவர்களை எண்ணிக்கொண்டு நின்றாய்.

நல்லக்கண்ணுவை ஜெயிலில் வைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எனக்கும் அநியாயமாகத்தான் படுகிறது. இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட பலகையில் என்னவெல்லாமோ எழுதிவைக்கிறார்கள், நான் பார்க்காததுபோல் அழித்துவிடுகிறேன். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றால் சொல்லிவிடு. நின்று சொல். குறும்பு பண்ணி ஜெயிப்பது ஜெயிப்பதல்ல.

இப்போது உன் பெயரையும் வெட்டினால் நன்னடத்தைச் சான்று தரமாட்டார்கள். அது இல்லாமல் வேறு எந்தக் கல்லூரி உன்னைச் சேர்க்கும்? நம் வீட்டில் இன்டர்மீடியட் வாசல் மிதித்தவன் நீ ஒருவன்தான். அதை ஒரு கேலிக்காக விட்டுவிடாதே.

அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏளா, பேசாம இருந்ததுக்கா அம்புட்டுச் சண்டை? பெத்த நாள்லேர்ந்து அவன் அஞ்சு நிமிசம் வாய மூடி நான் பாக்கலியே, காய்ச்சல்ல கெடந்தப்பகூட” என்கிறாள். பிறகு “சாப்பிட்டானாமா?” என்று கேட்டாள். கத்தரிக்காய் விஷயத்தைச் சொன்னேன். முழுக் கத்தரிக்காயை யாரும் சாம்பாரில் போடமாட்டார்களே என்று அரை நாள் கவலைப்பட்டாள்.

துரையைப் போய்ப் பார். வருத்தம் தெரிவி. அதோடு இதை விட்டுவிடு.

உன் அக்கா,
ஜெயசெல்வி


விடுதி, தூத்துக்குடி
20-9-42, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. நன்றாகத் திட்டியிருக்கிறாய். வருத்தம் தெரிவிக்கும் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். அதற்குள் இங்கே நடந்ததைக் கேள்.

திங்கள்கிழமை சொற்போர்ச் சங்கத்தைப் பூட்டிவிட்டார்கள். மண்டபத்துக் கதவில் பூட்டு, அந்தப் பூட்டுக்கு மேல் ஒரு அறிவிப்பு. அன்று மாலை கிணற்றடியில் நாங்கள் கூடினோம். கூடியதும் இசக்கியப்பன்தான் சொன்னான். “கிருபா அஞ்சு நிமிசம் பேசாம இருந்ததுக்கே சங்கத்தப் பூட்டிட்டானுவ. நாம எல்லாரும் பேசாம இருந்தா எதப் பூட்டுவானுவ?”

செவ்வாய் காலை முதல் வகுப்பு. கணக்கு ஆசிரியர் பெயர் கூப்பிட்டார். பெயர் கூப்பிட்டால் “பிரசன்ட் சார்” என்று சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. கண்முன்னால் நாற்பத்தெட்டுத் தலை, பதிவேட்டில் நாற்பத்தெட்டு ‘இல்லை.’ அவர் சாத்தான்குளத்துக்காரர், நல்ல மனிதர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஏலே, மூக்கு முன்னால இருக்கவன இல்லன்னு எப்படிலே எழுதுவேன்?” என்று கேட்டார். கடைசியில் அவரே சிரித்துவிட்டு இல்லை என்று எழுதினார். அன்றைய கணக்கில் இந்தக் கல்லூரியில் மாணவனே கிடையாது. சாப்பாடு மட்டும் நூற்றுநாற்பது பேருக்கு ஆனது.

ஆறு நாளாக இப்படித்தான். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுதிக் காட்டுகிறோம். சத்தமே இல்லாததால் பியூன் விடுமுறை என்று நினைத்துக் கேட்டைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். மௌனம் உண்டா இல்லையா என்று ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு வந்தது. காலை ஆராதனையில் பாடலாமா கூடாதா? சாயர்புரத்துப் பையன்கள் கர்த்தரிடம் பேச துரையின் அனுமதி தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதனால் மூன்று நாளாகப் பாட்டு இரண்டு பங்கு சத்தத்தோடு போகிறது. துறைமுகத்தில் தோணிக்காரர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

நேற்று துரை ஒரு தாள் அச்சடித்து விநியோகித்தார். “கிருபாநிதி என்னும் மாணவன் முன்கூட்டியே திட்டமிட்டு ஜெபத்தைக் கேலிக்கூத்தாக்கினான், நான் அவனால் ஏமாற்றப்பட்டேன்” என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டுமாம். எனக்குத் தனித் தாள். திட்டமிட்டதை ஒப்புக்கொண்டு, துணை செய்தவர்கள் பெயரையும் எழுதிக் கொடுத்தால் நான் இருக்கலாம். கொடுக்காவிட்டால் என் பெயர் மேலும் சிவப்பு மை. இருபத்தெட்டாம் தேதி விசாரணை. இதுவரை ஒரு தாள்கூடக் கையெழுத்தாகித் திரும்பவில்லை. சாத்தான்குளத்துப் பையன் ஒருவன் அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தான், கணக்கு சரியாகவும் இருந்ததாம்.

திட்டம் என்பது துரைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. இது உப்புக்காற்று அடிக்கிற ஊர், எதுவும் ரொம்ப நாள் மூடிக் கிடக்காது.

நான் கொஞ்சமும் பயப்படவில்லை. மூன்று வாரம் யோசித்தவனுக்கு மூன்று நிமிட விசாரணை பெரிதா? என் பெயரைச் சொல்லி வேட்டி கட்டிய ஆண்பிள்ளைகள் நூற்றுநாற்பது பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் வாழ்க்கையில் என்ன வேண்டும்? இரண்டு வடை கூட இருந்தால் நன்றாக இருக்கும்.

உன்,
கிருபா


நாசரேத்
25-9-1942

என் சகோதரன் கிருபாநிதிக்கு எழுதிக்கொள்வது.

நீ கல்லூரியில் நடந்துகொண்ட விதம் அறிந்து நானும் நம் தாயாரும் மிகுந்த மனவேதனை அடைந்தோம். மூத்தோருக்குக் கீழ்ப்படிவது வாலிபருக்கு அழகு. நீ உன் தவறை உணர்ந்து, பிரின்சிபால் துரை அவர்கள் தரும் தாளில் தாமதமின்றிக் கையெழுத்திட்டு, உன்னைத் தூண்டியவர்கள் யாராயினும் அவர்கள் பெயரை மறைக்காமல் தெரிவித்து, துரை அவர்களின் தயவைப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இல்லையேல் எங்கள் வீட்டில் உனக்கு இடமில்லை என்று அறிந்துகொள்ளவும்.

இப்படிக்கு,
ஜெ. ஜெயசெல்வி, ஆசிரியை


நாசரேத்
25-9-42, மாலை

கிருபா,

இதற்கு முந்தின கடிதம் தபாலில் வரும். அது ஞானையா ஐயர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அவர் எங்கள் பள்ளி மேனேஜர், தெரியும் அல்லவா? என் மேசையில், என் பேனாவில், அவருடைய வார்த்தை. ‘எங்கள் வீட்டில் இடமில்லை’ என்று அவர் சொன்னபோது அம்மா உள்ளேயிருந்து “எந்த வீட்ல?” என்று கேட்டாள். ஐயர் காதில் விழாததுபோல் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

இந்தக் கடிதம் கிரேசி டீச்சர் கையில் வருகிறது. அவள் நாளைக்குத் துறைமுக ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பியைப் பார்க்கப் போகிறாள். சுடலைமாடன் அண்ணாச்சியிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஐயர் வரும்போது கையில் துரை அனுப்பிய ஒரு நகல் கொண்டுவந்தார். யாருடைய கையெழுத்தோ. ஆனால் வாசகம் எனக்குத் தெரிந்தது. உன் தம்பி அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறான், பாரும்மா, என்று படித்தார். “மூன்று வாரம் திட்டமிட்டு, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல்.” அதற்குக் கீழே கோடு. அது உன் கடிதத்திலிருந்து எடுத்ததில்லை, கிருபா. உன்னைத் திட்டுவதற்காக நான் எடுத்து எழுதியது. உனக்கு வரும் கடிதத்தை வார்டன் பிரிப்பார் என்று நீ எழுதியிருந்தாய். கோபத்தில் அதை மறந்துவிட்டேன். பிள்ளைகளின் தப்பை உரக்கப் படிக்கச் சொல்கிற என் பழக்கம்தான் உன்னைக் கொண்டுபோய்த் துரை மேசையில் வைத்தது.

துரைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே என்று எழுதினாயே. உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாய்.

நான் இப்போது சொல்வதைக் கேள். கையெழுத்துப் போடாதே. முன்பு வருத்தம் தெரிவிக்கச் சொன்னேன், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு பையனுடைய அக்கா அவனைத் திட்டினாள் என்பதை எடுத்துச் சாட்சியாக வைக்கிற இடத்தில் வருத்தம் தெரிவிக்க ஒன்றுமில்லை. நீ வேண்டுமென்று, யோசித்து, பயப்படாமல் செய்தாய். நான்தான் அதைக் குறும்பு என்று சொன்னேன். அந்த நகலைப் பார்த்த பிறகுதான், பேசாமல் நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று புரிந்தது. என்னால் ஐயரிடம் ஒரு ‘மாட்டேன்’ சொல்ல முடியவில்லையே.

அதனால் முடிவு செய்துவிட்டேன். விசாரணை முடியும்வரை நான் ஊரைவிட்டு நகரக்கூடாது என்று ஐயர் உத்தரவு. அடுத்த சனிக்கிழமை, மூன்றாம் தேதி, காலை ரயிலில் வருகிறேன். நேரே துரையிடம் போய், என் தம்பியைத் தூண்டியது நான்தான், மௌனமாக நிற்கச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். விசாரணையில் அவர் என்ன முடிவு சொல்லியிருந்தாலும் அதை மாற்ற அது போதும். மறுநாளே இங்கே வேலை போகும். போகட்டும். அதை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் சொன்னேன். “நீயுமாளா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து வைத்தாள்.

தடுக்காதே.

ஜெயசெல்வி


முத்தையாபுரம்
இசக்கியப்பன் வீடு
30-9-42, புதன்

அக்கா,

வராதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சேலையைப் பெட்டியில் திரும்ப வைக்கச் சொல். வராதே.

நான் விடுதியில் இல்லை. இசக்கியப்பன் அப்பா இங்கே கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அவன் அம்மா சீனித்தாய் அத்தை எனக்குப் பாயும் தலையணையும் கொடுத்திருக்கிறாள். வார்டன் இல்லை, கடிதம் பிரிப்பவர் இல்லை. அதனால் முழுவதும் எழுதலாம்.

திங்கள்கிழமை பத்து மணிக்குத் துரை அறையில் விசாரணை. துரை, வார்டன், இன்னும் இரண்டு ஆசிரியர்கள். மேசை மேல் உன் கடிதத்தின் நகல். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே வராந்தாவில் பையன்கள் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, வகுப்பிலிருந்து எழுந்து வந்து நின்றுவிட்டார்கள். ஒரு சத்தமில்லை. வேட்டி காற்றில் அடிக்கிற சத்தம் மட்டும்.

துரை கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. அவருடைய வேதபுத்தகத் தமிழில் மெதுவாகக் கேட்டார். “கிருபாநிதி, நீர் அன்று அஞ்சினீரோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என் முதல் பிரசங்கத்தில் எனக்கு நா எழவில்லை” என்றார். “சபையார் எல்லோரும் நான் ஜெபிப்பதாக நினைத்தார்கள். ஒருவனுக்கு அப்படி நேர்வதுண்டு. உமக்கும் அப்படி நேர்ந்ததென்றால் அதைச் சொல்லும். கடிதத்தில் எழுதியது வாலிபப் பெருமை என்று எடுத்துக்கொண்டு இந்தத் தாள்களையெல்லாம் கிழித்துவிடுவேன். நீர் வகுப்புக்குப் போகலாம்.”

வார்டன் என் பக்கம் குனிந்து, “சொல்லிருலே. பயந்துட்டேன்னு ஒரு வார்த்த. முடிஞ்சுது” என்றார். அந்த மனிதர் என்னிடம் அன்பாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். இசக்கியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். பதின்மூன்று நாளாக வாயைத் திறக்காத பையன்கள். அதில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்து திட்டுக் கடிதம் வந்திருந்தது. சாயர்புரத்துப் பையன் ஒருவனின் அப்பா நேரில் வந்து அடித்துவிட்டுப் போனார், அவன் அடிபடும்போதும் பேசவில்லை. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவர்கள் இத்தனை நாள் எதற்காக நின்றார்கள்?

“ஐயா, அந்தக் கடிதத்தில் உள்ளது நான் எழுதியதுதான்” என்றேன்.

“பெயர்கள்?”

“ஒரே பெயர்தான். நல்லக்கண்ணு. அவன் எங்கள் செயலாளர்.”

துரை நகலை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சிவப்பு மையை எடுத்தார்.

மறுநாள் காலை வகுப்பில் நடந்ததை இசக்கியப்பன் வந்து சொன்னான். கணக்கு ஆசிரியர் வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டாராம், வழக்கம்போல யாரும் பேசவில்லையாம். என் எண் பத்தொன்பது. பதினெட்டுக்குப் பிறகு அவர் இருபது என்று தாவினாராம். வகுப்பு முழுக்க எழுந்து நின்று ஒரே குரலில் “பிரசன்ட் சார்” என்றதாம். பக்கத்து வகுப்பிலும் கேட்டதாம், அங்கேயும் சொன்னார்களாம். பத்து நிமிடம் கல்லூரி முழுக்க அதுதான் சத்தமாம். மத்தியானம் ஒரு வாரம் முன்னதாகவே விடுமுறை விட்டுவிட்டார்கள். அச்சடித்த தாள் ஒன்றுகூடக் கையெழுத்தாகவில்லை. மண்டபத்தில் பூட்டு இன்னும் தொங்குகிறது. தொங்கட்டும். விடுமுறை முடிந்து போனதும் கிணற்றடியிலேயே சொற்போர் நடத்துவார்களாம். முதல் தலைப்பு பனையுமில்லை, தென்னையுமில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பழக்கம்தான் என்னைத் துரை மேசையில் கொண்டுபோய் வைத்தது என்று நீ எழுதியதை சுடலைமாடன் அண்ணாச்சி கொண்டுவந்து கொடுத்த நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் அது வந்தது. அப்போதே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுத வெட்கமாக இருந்தது. இப்போது எழுதாவிட்டால் நீ சனிக்கிழமை ரயில் ஏறிவிடுவாய், வேலையை விட்டுவிடுவாய், அதுவும் ஒரு பொய்க்காக. அந்தப் பாவத்தைச் சுமக்க எனக்குத் தோள் போதாது.

அக்கா, நீ என் திட்டத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்கத் திட்டம் என்று ஒன்று இருந்தால்தானே.

நாலு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். “நல்லக்கண்ணுவை நினைத்து” என்பதற்குப் பிறகு, “இந்தக் கல்லூரியில் வாய் திறக்கும் உரிமை யாருக்கு என்று கேட்கிறேன்” என்று வரும். அடுத்து மூன்று கேள்வி, ஒரு கைதட்டலுக்கு இடம், பிறகு நல்லக்கண்ணு உப்பு மூட்டை மேல் சொன்ன வாசகம். இசக்கியப்பனுக்குக்கூடக் காட்டவில்லை, எல்லோரையும் திகைக்க வைக்கலாம் என்று. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு மூச்சு இழுக்கும்போது வாசலில் தொப்பி தெரிந்தது.

அவ்வளவுதான். நாலு பக்கமும் போய்விட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேசையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, விடாமல் பிடித்திருந்ததற்குக் காரணம் விட்டால் விழுந்துவிடுவேன் என்பதுதான். முன் பெஞ்சு எழுந்தபோது என்னை அடிக்க வருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் தலை குனிந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. துரை தொப்பியைக் கழற்றியதை நான் பார்க்கவே இல்லை, அதற்குள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். இசக்கியப்பன் சொல்லித்தான் தெரியும். ராஜநடை என்றதும் பொய். அவன்தான் வந்து தோளைப் பிடித்து இறக்கினான். அன்போடு கட்டிப் பிடிப்பதாக எல்லோரும் நினைத்தார்கள். கையைவிட்டால் நான் சரிந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். எப்படிலே யோசிச்ச, எத்தனை நாளாலே யோசிச்ச என்று கேட்டார்கள். மூணு வாரம் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த நேரத்தில் மட்டும் நாக்கு நன்றாக வேலை செய்தது. உனக்கும் அதையே எழுதினேன்.

துரை கேட்டது சரிதான். அஞ்சினேன். திங்கள்கிழமையும் அஞ்சினேன். ஆனால் அன்று அவர்கள் கேட்ட ‘பயந்துவிட்டேன்’ என்ற அந்த ஒரு வார்த்தை உண்மை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அதைக் கொடுக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒன்றுதான் நானே யோசித்துச் செய்தது. அதற்காக வேண்டுமானால் நீ என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

இதை அம்மாவிடம் சொல்லலாம். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இசக்கியப்பனிடம் சொல்லாதே. அவன் அம்மா என்னைப் பெரிய ஆள் என்று நினைத்து வேளைக்கு வேளை முட்டை பொரிக்கிறாள், சாப்பிட முடியவில்லை.

பயந்தால் உடனே கீழே இறங்கி வந்து உட்கார்ந்திருக்கலாமே, ஐந்து நிமிடம் ஏன் நின்றாய் என்று கேட்பாய். இறங்கத்தான் பார்த்தேன் அக்கா. கால் வரவில்லை.

கிருபா